மணிக்கூண்டுப் படத்தின் கடைசி ரீல்

குணசேகர் எந்தப் படத்தையும் முடியும்வரை பார்த்ததில்லை. கதாநாயகன் கடைசி அடிக்குக் கையை ஓங்கும்போது குணசேகர் எழுந்து, வரிசையில் இருக்கிறவர்கள் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு வெளியே போய்விடுவான். கேட்டால், "ரயிலுக்கு டைமாச்சு" என்பான். கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வந்து போகிற ஆள் என்பதால் அந்தச் சாக்கு நன்றாகவே எடுபட்டது. ரயிலே இல்லாத நேரத்திலும் அதையே சொல்வான் என்பதுதான் வேடிக்கை. கூட வந்தவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். பழக்கம் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் தோண்டுவதில்லை.

ராஜேந்திரனுக்கு வேறு மாதிரிப் பைத்தியம். தமிழில் ஓடிய படத்தைக் கன்னடத்தில் எடுத்தால், தெலுங்கில் ஓடியதைத் தமிழில் எடுத்தால், இரண்டையும் பார்த்து, எதைக் கெடுத்தார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பான். நல்லதாக ஒரு வரிகூட அதில் இருக்காது. தொம்மலூரில் அவன் நடத்திவந்த சிடி கடைக்கு வருகிறவர்கள் வாடகைக்குப் படம் கேட்டால், கூடவே அரை மணி நேரம் திட்டும் இலவசமாகக் கிடைக்கும்.

எலிசபெத்தின் பழக்கம்தான் யாருக்கும் புரியாதது. மழை பெய்தால் வாசற்கதவைச் சாத்த மாட்டாள். பெங்களூர் பிரேசர் டவுனில், ஈஸ்ட் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டு முன்னறையில் சாரல் அடித்து நாற்காலியெல்லாம் நனைந்தாலும் கதவு ஆவென்று திறந்தே கிடக்கும். அவள் கணவர் கிளாரன்ஸ் ரயில்வேயில் வேலை பார்க்கிற பொறுமைசாலி. வாசலோரம் ஒரு கோணிச்சாக்கை விரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

மூன்று பேரும் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஒரே லைன் வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்தவர்கள். சுரங்கத்தை மூடி மூன்று வருடம் ஆகியிருந்தது. சுரங்கத்தில் பதினாறு வருடம் இறங்கி ஏறிய குணசேகர் இப்போது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர் போகிறவர் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எலிசபெத் வீட்டில் மூன்று பேருக்கும் சாப்பாடு. மனைவி இறந்தபிறகு குணசேகர் உரிமையோடு உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்துக்கொள்கிற வீடு அது ஒன்றுதான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான், 2004 ஜூன் மாதம், ராஜேந்திரன் வாயெல்லாம் சோற்றோடு செய்தியைச் சொன்னான்.

"தெரியுமாடா, நம்ம மணிக்கூண்டுப் படத்தைக் கன்னடத்துல எடுத்துட்டானுங்க. வெள்ளிக்கிழமை ரிலீஸ்."

குணசேகரின் கை தட்டிலேயே நின்றது.

அந்தப் படத்துக்கு வேறு ஏதோ பெயர் உண்டு. அவர்களுக்கு அது மணிக்கூண்டுப் படம்தான். அதில் இன்னொரு விசேஷம், மூன்று பேரில் ஒருவரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பார்த்தவன் சிரில். எலிசபெத்தின் தம்பி. அவன் படம் சுவரில், சின்னச் சிவப்பு பல்புக்குக் கீழே, முன்பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

சிரிலின் மாமா தங்கவயல் கிளப் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். மிஷின் ரூமுக்குள் ஒரே ஒரு பிள்ளையைத்தான் விடுவார். அதனால் சிரில் பார்ப்பான், மற்ற மூன்று பேரும் அவன் சொல்லிக் கேட்பார்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சாம்பல் நிற மண் மலையாகக் குவிந்திருக்குமே, சயனைடு மேடு, அதன் அடிவாரத்தில்தான் அந்தச் சினிமாக் கொட்டகை. அடியாள் முதல் ஐயர் வரை எல்லாக் குரலும் சிரிலின் தொண்டையிலிருந்து வரும். பாட்டு மட்டும் வராது, பாடச் சொன்னால் அடிக்க வருவான். நடுவில் "இருங்க, ரீல் மாத்தறாங்க" என்று சொல்லிவிட்டு ஒன்றுக்குப் போய்விட்டு வருவான். எந்தப் படமானாலும் கடைசி ரீலை அன்றைக்குச் சொல்ல மாட்டான். "அது நாளைக்கு" என்று எழுந்துவிடுவான். அடுத்த நாள்வரை மூன்று பேரும் தவிப்பதைப் பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"கதை ஞாபகம் இருக்கா?" என்றாள் எலிசபெத்.

"மறக்குமா?" ராஜேந்திரன் தட்டைத் தள்ளிவிட்டுத் தொடங்கினான். "மலை எஸ்டேட். ரெண்டு பசங்க. விளையாட்டுல ஒருத்தன் இன்னொருத்தனை மணிக்கூண்டுல வச்சு வெளிய தாப்பா போடறான். போட்டுட்டு மறந்துட்டு ஊரை விட்டே போயிடறான். உள்ள இருக்கறவன் செத்துடறான். இருவது வருசம் கழிச்சு தாப்பா போட்டவன் முதலாளியாத் திரும்பி வர்றான். தெனம் சாயங்காலம் மணிக்கூண்டு உள்ளேர்ந்து கதவைத் தட்டற சத்தம்." அவன் மேசையில் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினான். சிரில் பிஸ்கட் டப்பாவில் தட்டுவது அப்படித்தான். "கடைசில அவன் படியேறிப் போய்த் தாப்பா மேல கை வைக்கிறான். அத்தோட சிரில் எழுந்து போயிட்டான், படவா."

சிரில் அந்தக் கதையைச் சொன்னது ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள்தான் மழை. சிரில் ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை.

"நானும் பர்மா பஜார் வரைக்கும் தேடிட்டேன்," என்றான் ராஜேந்திரன். "பழைய படத்தோட கேசட்டே இல்ல. பிரிண்டே எரிஞ்சுபோச்சாம். இப்ப இவனுங்க எடுத்ததுதான் கதி."

எலிசபெத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு குணசேகரைப் பார்த்து, ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்ததை வெளியே எடுத்தாள்.

"ஒன்னு சொல்லணும் குணா. ஆஸ்பத்திரில ஒரு நாள் அவனைக் கேட்டேன். அந்த ஆளு கதவைத் திறக்கிறானா இல்லையாடான்னு. அவனுக்கு மூச்சு வாங்குது. 'அது குணாவுக்குத்தான் தெரியும், அவனைக் கேளு'ன்னான். கூடப் பொறந்தவகிட்டச் சொல்லாம உன்கிட்டச் சொல்லியிருக்கான் பாருன்னு எனக்கு அவ்வளவு கோவம். அந்த ரோசத்துலயே இருவத்தேழு வருசம் கேக்கல. இப்பச் சொல்லேன். திறக்கிறானா?"

"அடப்பாவி, உனக்குத் தெரியுமாடா?" என்றான் ராஜேந்திரன்.

குணசேகர் தண்ணீர் டம்ளரை எடுத்தான். "படத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றான். "இப்பச் சொன்னா சுவாரசியம் போயிடும்."

நல்ல பதில்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சுவரில் இருந்தவன் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு ரயிலில் தூக்கம் வரவில்லை. கதவோரம் நின்றுகொண்டான். எதிர் ரயில் கடக்கும்போது கதவு சட்டத்தில் மோதும். மூன்றாவது முறை மோதினால் அவன் பல்லைக் கடித்துக்கொள்வான். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றிய கூண்டு இறங்குவதற்குமுன் மூன்று முறை அடிக்கும் மணிக்கும் பதினாறு வருடம் அப்படித்தான் பல்லைக் கடித்தான். இருட்டுக்குப் பயந்தவன் என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்தார்கள். அவன் பயந்தது இருட்டுக்கு இல்லை.

சிரில் அவனிடம் கடைசி ரீலைச் சொல்லவே இல்லை. நடந்தது இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குணசேகர் மட்டும் தனியாகப் போய் சிரிலை நச்சரித்தான். "முடிவைச் சொல்லுடா." சிரில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வா, நடிச்சே காட்றேன்" என்றான். சயனைடு மேட்டின் அடியில் பழைய பம்பு வைத்திருந்த தகரக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. அதுதான் மணிக்கூண்டு. "நான் உள்ள போறேன். நீ வெளிய தாப்பா போடு. மூணு தடவை தட்டுவேன். நீ வந்து தாப்பா மேல கை வை. அப்பச் சொல்றேன் முடிவை."

குணசேகர் தாழ்ப்பாளைப் போட்டான். மழை பிடித்துக்கொண்டது. மூன்று தட்டு கேட்டது. கையை வைத்தான். அந்த நேரத்தில் மேட்டின் ஒரு பக்கம் கரைந்து, சாம்பல் நிறச் சேறு முழங்கால் உயரத்துக்குச் சரிந்து வந்தது. உள்ளேயிருந்து தட்டு மூன்றோடு நிற்கவில்லை. நாலு, ஐந்து, பத்து. நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு உள்ளே இருந்தவன் கதையில் வருகிற பெயரை விட்டுவிட்டு, "குணா, குணா" என்று கூப்பிட்டான்.

அவன் ஓடினான்.

சேறு பாதிக் கதவை மூடிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்த வாட்ச்மேன் சத்தம் கேட்டுப் பின்பக்கத் தகரத்தைப் பிரித்து சிரிலை வெளியே இழுத்தார். முன்பக்கத் தாழ்ப்பாளை யாரும் பார்க்கவில்லை. சிரிலின் நெஞ்சுக்குள் சேற்றுத் தண்ணீர் போயிருந்தது. மூன்று வாரம் படுத்திருந்தான். அந்தக் கொட்டகைக்குள் எப்படிப் போனாய் என்று கேட்டவர்களிடமெல்லாம், "மழைக்கு ஒதுங்கினேன், கதவு மாட்டிக்கிச்சு" என்றே சொன்னான். குணசேகர் பெயரை எடுக்கவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று குணசேகர் இன்றுவரை யோசிக்கிறான். அந்த மூன்று வாரத்தில் அவன் ஒருமுறைகூட ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

பழி எலிசபெத்தின் தலையில் விழுந்தது. அன்றைக்கு ஜெபக் கூட்டத்துக்குப் போன அவள் அம்மா, தம்பியைப் பார்த்துக்கொள் என்று அவளிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த அம்மாள் சாகும்வரை மகள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். குணசேகருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் மாதாமாதம் அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டான்.

ரயில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டும்போது ஒரு பொய் தயாராகிவிட்டது. திறந்தான், உள்ளே இருந்தவன் சிரித்தான், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்லை. எலிசபெத்துக்கும் ஆறுதல். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது. யோசிக்கவே வேண்டியதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் யோசித்தான்.

அடுத்த ஞாயிறு மேட்னி ஷோ. ராஜேந்திரன் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தான். மலை எஸ்டேட்டுக்குப் பதில் காபித் தோட்டம். மணிக்கூண்டுக்குப் பதில் ஒரு பழைய பங்களாவின் மாடி அறை. "மணியே இல்லாம இன்னா மணிக்கூண்டு," என்று ராஜேந்திரன் இருட்டிலேயே கிறுக்கினான். இரண்டு பையன்களில் ஒருவனுக்கு முன்பற்கள் பெரிதாக இருந்தன. அவன் வரும்போதெல்லாம் எலிசபெத் இருக்கையின் நுனிக்கு வந்தாள்.

கதாநாயகன் மாடிப்படி ஏறினான். தட்டும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. குணசேகர் தன்னை அறியாமல் எழுந்தான். எலிசபெத் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் உக்காரு குணா."

அவள் கை சில்லென்றிருந்தது. உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடினால் என்ன, காது திறந்துதானே இருக்கிறது. தாழ்ப்பாள் கிறீச்சிடும் சத்தம் கொட்டகை முழுக்க நிறைந்தது. அப்புறம் சுற்றிலும் ஜனங்கள் விசிலடித்தார்கள். கண்ணைத் திறந்தால், அறைக்குள் பேயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் தோட்டத்தை அபகரிக்க வில்லன் செய்த சதியாம். சண்டை, சண்டை முடிந்ததும் கல்யாணம், கல்யாணத்தில் பாட்டு.

வெளியே வரும்போது ராஜேந்திரனுக்குக் கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. "செத்த பையனை அம்போன்னு விட்டுட்டானுங்களே. அவனுக்கு யார்றா பதில் சொல்றது?" என்று ஆட்டோக்காரனிடம்கூடச் சொன்னான். ஆட்டோக்காரன் கன்னடத்தில், படம் ஓடாது விடுங்கள் சார் என்று சமாதானம் சொன்னான்.

வீட்டுக்கு வருவதற்குள் மழை தொடங்கிவிட்டது. கிளாரன்ஸுக்கு அன்றும் டியூட்டி. எலிசபெத் வழக்கம்போல் வாசற்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுக் காபி கலந்து கொண்டுவந்தாள். சாரல் உள்ளே வந்து கோணிச்சாக்கு ஊறிக்கொண்டிருந்தது.

"ஏன் எலிசு, இந்தக் கதவை எப்பத்தான் சாத்துவ?" என்றான் ராஜேந்திரன். முப்பது வருடச் சிநேகத்தில் அதை இப்போதுதான் கேட்கிறான்.

"அவன் உள்ள மாட்டிக்கினு தட்டனப்ப நான் வீட்ல கதவைச் சாத்திக்கினு தூங்கினு இருந்தேன்," என்றாள் எலிசபெத். "யாராச்சும் தட்டினா கேக்கட்டும்னுதான். கூட ஒருத்தன் இருந்திருந்தா அவன் பொழைச்சிருப்பான் இல்ல? தனியாப் போயிட்டான்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சரி, படமும் பாத்தாச்சு. இப்பச் சொல்லு குணா. சிரிலோட முடிவு என்ன?" என்றாள்.

"திறந்தான்," என்றான் குணசேகர். "திறந்ததும் உள்ள இருக்கறவன் சிரிக்கிறான். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கறாங்க."

எலிசபெத்தின் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். அத்தனை வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததில்லை. அவள் சுவரில் இருந்த படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நெஜமாவா? அவனே சொன்னானா? எப்பச் சொன்னான்?"

"ஆஸ்பத்திரிலதான். படுத்துக்கினு சொன்னான்."

எலிசபெத் டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

"நீ ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லையே குணா. மூணு வாரமும் நான் அந்தக் கட்டில் பக்கத்துலதான இருந்தேன். குணா வந்தானா, குணா வந்தானான்னு தெனம் கேப்பான்."

"சும்னே இரு எலிசு," என்று அடக்கினான் ராஜேந்திரன். "எத்தனை வருசமாச்சு. முன்னாடியே சொல்லியிருப்பான். இவனுக்கு இடம் மாறிப்போயிருக்கும்."

நல்ல ஆள் ராஜேந்திரன். தப்பிக்க வழியை அவனே திறந்து விட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். காபியைக் குடித்துவிட்டு ரயிலைப் பிடித்துவிடலாம். குணசேகர் வாயைத் திறந்தான். தினம் கேட்பான் என்றாளே, அந்தச் சொல் அவனை விடவில்லை. முதன்முதலாக அவனுக்குத் தன்மேல் பயத்தைவிட அருவருப்பு அதிகமாக வந்தது.

"அவன் தனியாப் போகல எலிசு," என்றான். "நான்தான் தாப்பா போட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் விடவில்லை. முடிவுக்காக நச்சரித்தது, கொட்டகை, மூன்று தட்டு, பத்துத் தட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டது. "தாப்பா இறுகிப்போச்சு, என்னால இழுக்க முடியலன்னு இத்தனை வருசம் எனக்கே சொல்லிக்கினு இருந்தேன். இறுகல. இழுத்தா வந்திருக்கும். சேத்தைப் பாத்து ஓடிட்டேன். ஓடினதுகூடப் போவுது, பதினோரு வயசு. வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் சொல்லல. மேட்டுக்குப் போனதுக்கு அப்பா பெல்ட்டால அடிப்பாருன்னு வாயைத் திறக்கல. அம்மா தட்டு வச்சாங்க. சாப்பிட்டேன் எலிசு. ரசம் ஊத்திச் சாப்பிட்டேன். அவன் அங்கத் தட்டிக்கினு இருந்தான்."

ராஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். நோட்டுப் புத்தகம் அவன் மடியிலிருந்து நழுவி ஈரத்தில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

எலிசபெத் அழவில்லை. கத்தவும் இல்லை. "எங்கம்மா என் கையால தண்ணி குடிக்கல," என்றாள். மறுபடி அதையே சொன்னாள். "கடைசி நாள்லகூடக் குடிக்கல குணா. நர்ஸு கையால குடிச்சாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்து சாப்பிட்டுட்டுப் போன?"

குணசேகர் எழுந்தான். யாரும் உட்கார் என்று சொல்லவில்லை. கோணிச்சாக்கைத் தாண்டி மழைக்குள் இறங்கினான். இரண்டு படி இறங்கியிருப்பான், பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தொடர்ந்து தாழ்ப்பாள் விழுந்தது. மழை பெய்கையில் அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டதை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அது அதிசயமாக இருந்திருக்கும்.

ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. அவனுடைய ரயில்தான். இப்போது நடந்தால் பிடித்துவிடலாம். கால் இரண்டடி தெருப்பக்கம் போகவும் செய்தது. இப்படித்தானே அன்றைக்கும் போயிற்று என்று நினைத்தான். நின்றான். திரும்பிப் படியேறினான்.

சட்டை முழுக்க நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. விரலை மடக்கிக் கதவில் மூன்று முறை தட்டினான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தட்டுவது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

உள்ளே சத்தமில்லை. பிறகு காலடி வந்தது. கதவுவரை வந்து நின்றது. அந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை படும் சின்ன ஓசை அவனுக்குக் கேட்டது. இழுக்கவில்லை. கை அங்கேயே இருந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்பது போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான், வரவில்லை.

"எலிசு," என்று மட்டும் கூப்பிட்டான்.

கதவு திறக்கவில்லை. ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. இருட்டுவதற்கு இன்னும் நேரமிருந்தது. குணசேகர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். முடிவு எதுவாக இருந்தாலும் இங்கிருந்து எழுந்து போவதில்லை என்று, சாத்திய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்தான்.